இறங்கி ஏறும் ஊர்

மயாமியில் ஒரு மாலை கப்பல் ஏறினால் ஏழு இரவுகள் கழித்து அதே துறைமுகத்தில் இறக்கிவிடுகிறார்கள். நடுவில் மூன்று தீவுகள், சில பயணங்களில் நான்கு. காலை ஏழு எட்டு மணிக்குக் கப்பல் கரையணைகிறது. மாலை நான்கு ஐந்துக்குள் எல்லாரும் திரும்பி ஏறிவிட வேண்டும். அந்தப் பகல்பொழுதில் என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்பது புறப்படும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் இறங்கினால் டன்ஸ் ரிவர் அருவியில் கைகோத்துக்கொண்டு ஏறுவது. செயின்ட் லூசியாவில் பிட்டன் சிகரங்களைப் படகிலிருந்து பார்த்துவிட்டுக் கந்தகச் சேற்றைப் பூசிக் குளிப்பது. குராசோவின் வில்லெம்ஸ்டாட்டில் 1888இல் அமைத்த மிதவைப் பாலத்தில் நடப்பது. செயின்ட் கிட்ஸில் சின்ன ரயிலில் ஏறித் தீவைச் சுற்றுவது. உலகத்தில் உல்லாசக் கப்பல்கள் அதிகம் சுற்றுவது இந்தக் கரீபியன் கடலில்தான். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்ற ஒரே கப்பலில் 7,600 பயணிகள் வரை போகலாம். அப்படி இரண்டு கப்பல்கள் ஒரே காலையில் வந்து நின்றால், சின்னத் தீவொன்றின் தலைநகரில் உள்ளூர்க்காரர் முகம் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகள் இப்படியொரு கப்பலில் அழைத்துப் போனாள். தீவெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லாத்தான் இருந்துது சார். நம்ம மலைக்கு வேன்ல வர்றாங்க பாருங்க, அந்த மாதிரி போய்ட்டு வந்தோம்” என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் திருத்தணியில் வாழ்கிறவனுக்கு அந்த வாக்கியம் லேசில் மனத்தை விட்டுப் போகாது.

எங்கள் ஊர் திருப்பதி போகும் வழியில் இருக்கிறது. ஊருக்குப் பெருமையும் அதுதான், பாரமும் அதுதான். சென்னையிலிருந்து விடியுமுன் கிளம்பும் வேன்கள் எட்டு மணிக்குள் மலைப்பாதையில் ஏறிவிடும். “பத்தரைக்கு வண்டிய எடுத்துடுவேம்மா, சீக்கிரம் வந்துடுங்க” என்று ஓட்டுநர் சொல்லி அனுப்புவார். மொட்டை, தரிசனம், பிரசாதம், கீழே வந்து இட்லி. பிறகு திருச்சானூர், திருமலை. அறுபடை வீடுகளையும் மூன்று நான்கு நாட்களில் முடித்துத் தரும் பேருந்துகளும் உண்டு. அவற்றில் நாங்கள் ஐந்தாம் படைவீடு, கடைசியிலோ முதலிலோ ஒரு காலைப்பொழுது. இரண்டு மணி நேரத்துக்குள் சரவணப்பொய்கையைக்கூடப் பலர் பார்ப்பதில்லை, வண்டி நேரே மேலே போய்விடுவதால். மலைக்கு இருபுறமும் நிற்கும் பச்சரிசி மலையும் பிண்ணாக்கு மலையும் யார் கண்ணிலும் படுவதில்லை. சந்நிதிக்கு எதிரே நிற்கும் யானை வாகனம் சுவாமியைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்து நிற்பதையும் வரிசையின் அவசரத்தில் கவனிப்பவர் குறைவு. தெய்வானைக்குச் சீராக வந்த ஐராவதம் தன் பழைய வீடான தேவலோகத்தை நோக்கி நிற்கிறது என்பது ஊர்க் கதை. கந்த சஷ்டிக்கு மற்ற படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே நடப்பதில்லை. சினம் தணிந்த மலை என்பதால் சுவாமிக்குப் பூச்சொரிகிறார்கள். இதையெல்லாம் யாராவது நின்று கேட்டால் சொல்ல, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் எந்தக் கிழவிக்கும் தெரியும்.

சில மணி நேரம் மட்டும் தங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. எல்லாராலும் எல்லா ஊரிலும் வாழ முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் இந்த ஊரில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அல்லர். வந்தார், மலையேறினார், மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற தம் முதல் கிருதியைப் பாடினார் என்கிறது மரபு. படியில் ஒரு முதியவர் வந்து வாயில் கற்கண்டு போட்டாராம். தீட்சிதர் வாழ்நாள் முழுக்கத் தம் பாடல்களில் வைத்த ‘குருகுஹ’ முத்திரை அந்த வருகையோடு சேர்ந்து வந்தது. ஒருவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பதைவிட, அவர் நின்றபோது ஊரின் எந்தப் பகுதியைக் காண வைத்தார்கள், எதை மறைத்தார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

செயின்ட் கிட்ஸ் ரயிலை எடுத்துக்கொள்வோம். பயணிகள் மேல்தட்டில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி போகிறார்கள். அந்தத் தண்டவாளம் 1912க்கும் 1926க்கும் இடையில், தோட்டங்களிலிருந்து கரும்பை பாஸ்டேரில் இருந்த ஆலைக்குக் கொண்டு வரப் போட்டது. அதற்கு முன் நெடுங்காலம் அந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் சந்ததியினரும். 2005இல் அரசு சர்க்கரைத் தொழிலையே மூடியது. இன்று தண்டவாளத்தின் இருபுறமும் மண்டிக் கிடக்கும் கரும்பு, வெட்ட ஆளில்லாத கரும்பு. இதைச் சொல்லாமல் காட்டப்படும் காட்சி பாதிக் காட்சி. இதைவிட ஒரு படி மேலே போனவை கப்பல் நிறுவனங்கள் தமக்கென்றே வைத்திருக்கும் கடற்கரைகள். ஹெய்ட்டியின் லபாடியை 1986இலிருந்து ஒரு கப்பல் நிறுவனம் குத்தகைக்கு வைத்திருக்கிறது. வேலிக்கு அப்பால்தான் ஹெய்ட்டி. பஹாமாஸில் ஒரு குட்டித் தீவில் நீர்ச்சறுக்குப் பூங்காவே கட்டியிருக்கிறார்கள். ஊரே இல்லாத ஊர்களைத் துறைமுகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அங்கே மணல் இருக்கிறது, நிழல் இருக்கிறது, பசிக்கு உணவு இருக்கிறது. யாருடைய வாழ்வும் இல்லை.

ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் ‘எ ஸ்மால் பிளேஸ்’ என்ற சின்ன நூலை எழுதினார். விமானத்திலிருந்து இறங்கும் பயணியையே நேரடியாக விளித்து, நீ காணாதது இது, நீ குளிக்கும் கடலில் கலப்பது இது என்று கோபத்தோடு அடுக்கும் நூல். செயின்ட் லூசியாவின் டெரக் வால்காட் 1992இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையை, டிரினிடாடின் ஃபெலிசிட்டி என்ற கிராமத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நடக்கும் ராமலீலையிலிருந்து தொடங்கினார். தீவுகளின் கவி உலகத்தின் முன் நின்றபோது முதலில் காட்டியது கடற்கரையை அல்ல, கூலிகளின் பேரப்பிள்ளைகள் மூங்கிலும் காகிதமும் கொண்டு கட்டிய கூத்தை. அந்தத் தேர்வுக்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

அந்தக் கூத்தில் நமக்கும் பங்கு உண்டு. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் போனவர்களில் பெரும்பான்மையினர் கல்கத்தாவில் கப்பல் ஏறிய போஜ்புரிக்காரர்கள். சென்னையில் ஏறியவர்கள் சிறு பகுதி. ஆனால் பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் கணக்கு தலைகீழ். 1848இல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டங்களில் பழைய கூலிக்கு நிற்க மறுத்தார்கள். தோட்ட முதலாளிகளின் கண் புதுச்சேரி மீதும் காரைக்கால் மீதும் விழுந்தது. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கின் சான்பியேரில் முதல் கூலிகளை இறக்கியது. அதே கப்பல் 1854 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குவாதலூப்பின் புவான்தபீத்ரை அடைந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் 42,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், மார்த்தினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேர். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் செய்துகொண்டபின் ஆங்கிலேய ஜில்லாக்களிலும் ஆள்பிடிக்க வழி திறந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்ததும் திரும்பக் கப்பல் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் சிறு பகுதி. மிகப் பலர் தோட்டத்திலேயே செத்தார்கள்.

திருத்தணி அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. கடல் கடந்த கூலிகளின் பதிவேடுகளில் அந்த ஜில்லாவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களில் குறிப்பாக. பஞ்சம் வந்த வருஷங்களில் ஆள்பிடிக்கும் மேஸ்திரி எந்தக் கிராமத்துக்கும் வரத் தயங்கவில்லை. இந்த மலைக்கு நேர்ந்துகொண்ட காவடியைச் செலுத்தாமலே கப்பல் ஏறியவர்கள் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

போனவர்கள் அங்கே என்ன செய்தார்கள்? குவாதலூப்பின் கபெஸ்தெர் பகுதியில், ஷாங்ஜி என்ற இடத்தில், சாலையோரமாக மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. பளிச்சென்ற வண்ணத்தில் சுதைச் சிற்பங்கள் நிறைந்த கோயில். அம்மனை மலியேமன் என்கிறார்கள், மதுரைவீரனை மல்தெவிலென் என்கிறார்கள். நாகூர் ஆண்டவரையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்கள், அவருக்கும் கொடியேற்றுகிறார்கள். பூசாரி உண்டு, கிடா வெட்டு உண்டு, மத்தளம் உண்டு. தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்த தமிழ்ப் பாட்டுகளைப் பொருள் மறந்த பிறகும் பாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, சாமிக்கு முன்னால் மட்டும் தமிழ். நாட்ரோன் என்று அவர்கள் சொல்லும் இரவுக்கூத்து ஒன்றும் இருந்தது. கிரீடம் தரித்து, வாத்தியார் பாட, விடிய விடிய ஆடுவது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதிக்கு முன் பாரதக் கூத்து ஆடுகிறவர்களிடம் இதை விவரித்தால், தங்கள் சொந்தக்காரரைப் பற்றிக் கேட்பதுபோல்தான் கேட்பார்கள். ஏடும் எழுத்தும் தெரியாத தோட்டக் கூலி, பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கங்காணியின் சவுக்குக்கு இடையில், ஒரு முழுக் கூத்தை நெஞ்சில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறான். இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் அவனுக்கு ஒரு அத்தியாயம் தர வேண்டும்.

அதே கபெஸ்தெரில் 1863இல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். கூலிகளாக வந்தவர்களின் பிள்ளை. தீவில் பிறந்த இந்தியர்கள் பிரெஞ்சுக் குடிமக்களா இல்லையா என்ற கேள்வியை 1904இல் வாக்காளர் பட்டியலை முன்வைத்து எழுப்பினார். வழக்கு பத்தொன்பது ஆண்டுகள் இழுத்தது. 1923இல்தான் குடியுரிமையும் வாக்குரிமையும் உறுதியாயின. வ.உ.சி.யையும் தில்லையாடி வள்ளியம்மையையும் அறிந்த நம் பள்ளிப் பிள்ளைகள் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

கப்பல் நிற்கும் துறைமுகங்களில் விற்கும் துணிக்கும் நம் பக்கத்தோடு தொடர்பு உண்டு. செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்த்தினிக், குவாதலூப் பெண்கள் விழாநாளில் தலையில் கட்டும் கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு அங்கே ‘மதராஸ்’ என்றே பெயர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் போன துணி. இன்று பயணிகள் பொம்மை உடையாகவும் மேசை விரிப்பாகவும் அதை வாங்கிப் போகிறார்கள். எங்கள் மலையைச் சுற்றி அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, எல்லை தாண்டினால் நகரி, புத்தூர் என்று எல்லாமே நெசவு ஊர்கள். கைத்தறி குறைந்து விசைத்தறி ஓடும் தெருக்கள். அங்கே லுங்கிக்குக் கட்டம் போடுகிற தொழிலாளிக்கு, அந்தக் கட்டத்தின் பங்காளி ஒரு தீவின் தேசிய உடையாகியிருக்கிறது என்பது தெரியாது. சாமி பார்க்க வருகிறவர்களின் வண்டியும் அந்தத் தெருக்களுக்குள் திரும்புவதில்லை.

நம் கரையிலும் இப்போது இந்தக் கப்பல்கள் வந்துவிட்டன. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய உல்லாசக் கப்பல் ஒன்று காங்கேசன்துறையில் போய் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு மறுபடி கப்பல் வந்ததில் அங்குள்ளவர்களுக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குக் கிராமங்களிலிருந்து 1990இல் சனங்கள் விரட்டப்பட்டார்கள். நிலத்தில் ஒரு பகுதி இன்னும் இராணுவத்திடம் இருக்கிறது. இறங்கிப் போகிற பயணிக்கு இதையும் ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னால் பயணம் கெட்டுவிடாது. பார்க்கும் கண்ணுக்கு அது மரியாதை.

மறுபடி என் ஊருக்கு வருகிறேன். இங்கே பட்டியலில் வராதவை எவை? நந்தியாற்றுப் பக்கத்தில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி, கடைசிப் பல்லவ அரசன் அபராஜிதவர்மன் காலத்தது. முழுக்கக் கல்லால் ஆன சின்னக் கோயில், விமானத்தின் பின்புறம் படுத்த யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். கட்டியவர் நம்பி அப்பி. அவர் திருப்பணியைப் போற்றி அரசனே ஒரு வெண்பா பாடியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. தன் ராஜ்ஜியம் கைநழுவிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பல்லவன் உட்கார்ந்து தமிழில் வெண்பா கட்டியிருக்கிறான், அதுவும் தன்னைப் பற்றி அல்லாமல் கோயில் கட்டிய இன்னொருவனைப் பற்றி. 1977இல் பக்கத்து வேளஞ்சேரியில் கிடைத்த செப்பேடுகளில் அதே அபராஜிதன் இந்த மலைமேல் முருகனுக்குக் கொடுத்த நிவந்தம் பதிவாகியிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையை ஒரு பகலில் தொட்டுப் பார்க்க முடிகிற ஊர் இது. அந்தக் கோயிலில் நான் நிற்கிற நேரங்களில் அர்ச்சகரைத் தவிர யாரையும் பார்ப்பது அபூர்வம்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது: எல்லை. 1911இல் சித்தூர் ஜில்லா உண்டானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஜில்லாவோடு ஊரும் போய்விட்டது. மங்கலங்கிழார் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தார். கே. விநாயகமும் ம.பொ.சிவஞானமும் போராடினார்கள். படாஸ்கர் சமரசத் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திருப்பதி திரும்பவில்லை. இன்று இங்கே ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு. இரண்டு வீட்டுக் காவடியும் ஆடிக் கிருத்திகைக்கு ஒரே படியில் ஏறுகின்றன. ஆந்திரத்திலிருந்து பூக்காவடி தூக்கிவரும் கூட்டத்தின் அரோகராவை வைத்து யார் எந்த மாநிலம் என்று எவராலும் பிரிக்க முடியாது. இந்த ஊரில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் குடும்பமும் வீட்டில் தெலுங்கு பேசிய குடும்பம்தான்.

பார்வையாளன் ஊரை எப்படி அணுகலாம் என்பதற்கு எங்கள் மலையிலேயே ஒரு வழி இருக்கிறது. டிசம்பர் 31 இரவு நடக்கும் திருப்படி விழா. ஆங்கில வருஷப் பிறப்பன்று துரைமார் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பதை விட்டுவிட்டு முருகனைப் பார்க்க வாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது, நூறாண்டைக் கடந்துவிட்டது. கீழ்ப்படியில் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடிவிட்டுத்தான் அடுத்த படி. 365 படிகள். வேனில் பத்து நிமிடத்தில் ஏறும் மலைக்கு அன்று பாதி இரவு ஆகிறது. டன்ஸ் ரிவர் அருவியிலும் கைகோத்துத்தான் ஏறுகிறார்கள். இங்கே படி, ஏறிக் கடக்க வேண்டிய தடை அல்ல. ஒவ்வொன்றும் நின்று வணங்க வேண்டிய இடம்.

ஆகவே வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கரீபியன் கப்பலில் போக வாய்க்கிறவர்கள், பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குவாதலூப்பிலோ மார்த்தினிக்கிலோ நிற்கும் கப்பலாகப் பாருங்கள். புவான்தபீத்ரில் இறங்கினால் கடற்கரைக்குப் போகிற பேருந்தில் ஏறாமல் ஒரு வாடகைக் காரில் கபெஸ்தெருக்குப் போங்கள். சுமார் முப்பது கிலோமீட்டர்தான். ஷாங்ஜி கோயிலில் ஒரு தேங்காய் உடையுங்கள், சிதம்பரத்தின் பெயரைச் சொல்லி யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். திருத்தணிக்கு வருகிறவர்கள், மலையிலிருந்து இறங்கியதும் திருப்பதிக்கு வண்டி எடுக்கும் முன் ஓட்டுநரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். நந்தியாற்றுப் பக்கம் வீரட்டானேசுவரர் கோயில் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கொண்டுபோய் விடுவார்கள்.